புங்குஸ் கட்டிக்கொண்ட பூச்சி

(மலேசியாவின் தெலுக் இந்தானில் ஒரு ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பின்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம்.

அந்துப்பூச்சியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வாசலில் ஓர் அண்ணன், "அரிசி மூட்டையில வருமே, அதுவா?" என்றார். இல்லைண்ணே. உங்கள் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, ஓலையில் தொங்குகிறதே 'உலாட் புங்குஸ்', அது. மலாயில் உலாட் என்றால் புழு, புங்குஸ் என்றால் பொட்டலம். கடையில் நாம் மீ கோரேங் நூடுல்ஸைப் புங்குஸ் கட்டுகிறோம். இது தன்னையே கட்டிக்கொள்கிறது. அறிவியல் பெயர் மெட்டிசா பிளானா. எங்கிருந்தோ வந்ததல்ல, இந்த மண்ணின் பூச்சி.

முட்டையிலிருந்து வரும் புழு கடுகளவுகூட இருக்காது. பட்டு நூலில் தொங்கும். காற்று அடித்தால் அடுத்த மரத்துக்குப் போய்விடும். போன இடத்தில் இலையைச் சுரண்டித் தின்னும். சுரண்டிய துணுக்கைப் பட்டால் ஒட்டிப் பை செய்து அதற்குள் குடியிருக்கும். உடம்பு வளர வளரப் பையும் நீளும், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்வரை. கடைசியில் இலையடியில் பையைத் தொங்கவிட்டு உள்ளேயே கூட்டுப்புழு ஆகும்.

ஆண் சிறகோடு வெளியே வரும். பெண் வராது, அதற்குச் சிறகே இல்லை. பைக்குள் இருந்தபடி வாசனை விடும், ஆண் தேடி வரும். முட்டையும் அதே பைக்குள், சாவும் அங்கேயே. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ மூன்று மாதம். தோட்டத்தைத் தாண்டாத நம் பாட்டிமார் கதை இது என்று யாராவது கவிதை எழுதிவிடாதீர்கள். பூச்சியைப் பூச்சியாகவே விடுவோம்.

இவ்வளவு சின்ன உயிர் எப்படித் தோட்டம் தோட்டமாக ஓலையைக் கருக்கியது? 1950களில் டிடிடி, டீல்ட்ரின் என்று பூச்சிமருந்துகளை அடித்துத் தள்ளினார்கள். பைக்குள் இருந்த புழு பிழைத்தது; அந்தப் புழுவில் முட்டையிட்டு, தன் குஞ்சுகளுக்கு அதையே இரையாக்கும் குளவிகள் வெளியில் பறந்ததால் செத்தன. 1960களில் வுட் என்ற ஆய்வாளர் இதை எடுத்துச் சொன்னார். மருந்தை நிறுத்திய இடங்களில் புழு அடங்கியது.

தோட்டத்துச் சாலையோரம் எட்டு மணிப் பூ வைத்திருக்கிறார்களே, அழகுக்கு என்றா நினைத்தீர்கள்? அந்தக் குளவிகள் தேன் குடிக்கத்தான். புல்லோடு சேர்த்து அதையும் வெட்டிவிடாதீர்கள், அக்கா.

இந்த ஓலைத் துண்டைக் கை மாற்றிப் பாருங்கள். சில பைகளின் பக்கவாட்டில் ஊசித் துளை தெரியும். குளவிக் குஞ்சு புழுவைத் தின்று முடித்து வெளியே வந்த வழி அது.