சேறு எங்களைத் தோக்கடிக்கல, நின்னதுதான்

மக்களே, வணக்கம். குரல் கரகரன்னுதான் இருக்கும், பொறுத்துக்கோங்க, நேத்து அவ்ளோ கத்தியிருக்கேன். காதுக்குப் பின்னாடி இங்க பாருங்க... தெரியுதா? ரெண்டு தடவை குளிச்சாச்சு. இன்னும் சேறு.

சரி, விஷயத்துக்கு வரேன். மலையில, குளிர்காலத்துல, 12 கிலோமீட்டர் ஆப்ஸ்டக்கிள் ரேஸ், அதாவது வழியில சகதி, சுவர், கம்பின்னு வர்ற தடைகளைத் தாண்டி ஓடுற போட்டி. நாங்க நாலு பேர். கிளம்பும்போதே ஒரு சபதம்: யாரையும் விட்டுட்டுப் போகக்கூடாது, ஒவ்வொரு தடையிலயும் நாலு பேரும் சேர்ந்ததுக்கப்புறம்தான் அடுத்தது. கேக்க நல்லா இருக்கில்ல? அதுதான் எங்களைக் கவுத்துச்சு. எப்படின்னு சொல்றேன்.

முதல் ரெண்டு கிலோமீட்டர் ஏத்தம். நல்லா வேர்த்துச்சு. "என்னடா குளிரு, ஒண்ணுமில்ல"ன்னு ஒருத்தன் டயலாக்கெல்லாம் விட்டான். அப்புறம் சகதி வந்துச்சு. முழங்கால் வரைக்கும் களிமண். இங்க ஒரு சின்ன டிப்ஸ்: கால் மாட்டிக்கிச்சுன்னா வெடுக்குன்னு மேல இழுக்காதீங்க. கால் வரும், ஷூ வராது. பாதத்தை லேசா அப்படி இப்படி ஆட்டுங்க, ஓரத்துல காத்தோ தண்ணியோ உள்ள போச்சுன்னா பிடி விட்ரும். அப்புறம் குதிகாலை முதல்ல கிளப்புங்க. இது எனக்கு எப்படித் தெரியும்னா, ஒரு ஷூவை கையை விட்டுத் துழாவி எடுத்தவன் சொல்றேன்.

முள்கம்பிக்குக் கீழ தவழ்றதுல வாயை மட்டும் மூடிக்கோங்க. விளையாட்டுக்குச் சொல்லல. 2012-ல அமெரிக்காவுல நெவாடாவுல, மாட்டுப் பண்ணை இடத்துல நடந்த ஒரு ரேஸுக்கு அப்புறம் 20 பேருக்கு மேல வயித்தால போயிருக்கு. விசாரிச்சுப் பாத்தா, விழுந்தப்போ சேத்துத் தண்ணிய முழுங்கினதோட அது சம்பந்தப்பட்டிருக்கு.

அடுத்து தண்ணிக் குழி. நெஞ்சளவு. இறங்கின உடனே "ஹக்"னு மூச்சு உள்ள இழுக்கும் பாருங்க, அதை நாம பண்றதில்ல, உடம்பு தானா பண்ணுது. முதல் ஒரு நிமிஷம் மூச்சு நம்ம பேச்சைக் கேக்கவே கேக்காது. அதனால தலைகுப்புறக் குதிக்காதீங்க. அந்த இழுப்புல தண்ணி உள்ள போயிரும். மெதுவா இறங்கி, மூச்சை வெளிய விடுறதுல மட்டும் கவனம் வைங்க. ஒரே வெப்பநிலையில காத்தை விட தண்ணி கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுத்துக்கும். 1987-ல இங்கிலாந்துல 'டஃப் கை'ன்னு இதே மாதிரி ஒரு ரேஸை ஆரம்பிச்சவங்க அதை ஜனவரி மாசத்துல வச்சாங்களாம். என்ன மனுஷங்களோ!

ஆனா குழி எங்களை ஒண்ணும் பண்ணல. வெளிய வந்து ஓடினோம், சூடு வந்துருச்சு. அதுக்கப்புறம் வந்த மரச்சுவர்தான் வினை. எட்டடி உயரம், முன்னாடி பெரிய கியூ. நனைஞ்ச சட்டையோட, மலைக்காத்துல, கால் மணி நேரம் சும்மா நின்னோம். அதுல நான் உள்ள போட்டிருந்தது காட்டன் பனியன். ஆமா, திட்டுங்க. காட்டன் நனைஞ்சா காயாது, ஈரத்தை அப்படியே உடம்போட ஒட்டி வச்சுக்கும்.

நாங்க மூணு பேர் ஏறிட்டு, நாலாவது ஆளுக்காக அந்தப் பக்கம் மறுபடி நின்னோம். சபதமாச்சே! அவனை நாங்க மொட்டைன்னு கூப்பிடுவோம். ஏறி வந்தான். கையுறைப் பட்டைய மாட்ட வரல அவனுக்கு. பேச்சு குழறுச்சு. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சிரிச்சுக்கிட்டே வீடியோ எடுத்தேன். குடிச்சவன் மாதிரி பேசுறான்னு கமெண்ட் வேற.

பக்கத்துல நின்ன வாலண்டியர் அக்கா ஒருத்தங்கதான் கண்டுபிடிச்சாங்க. "தம்பி, கட்டை விரலால சுண்டு விரலைத் தொடு"ன்னாங்க. முடியல அவனால. அவ்ளோதான், கையைப் பிடிச்சு கூடாரத்துக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஈரத் துணிய மாத்தி, கம்பளி சுத்தி, வெதுவெதுன்னு இனிப்பா குடிக்கக் குடுத்தாங்க. நான் அவசரப்பட்டு அவன் கையைத் தேய்க்கப் போனேன், "தேய்க்காதே"ன்னு அதட்டினாங்க. உடம்புக்குள்ள சூடு 35 டிகிரிக்குக் கீழ இறங்கினாலே ஹைப்போதெர்மியாவாம், அதாவது உடம்பு ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்து போறது. நடுங்கிட்டிருக்கவன் சூடாகாமலே நடுக்கத்தை நிறுத்தினா அது இன்னும் மோசமான அறிகுறின்னும் சொன்னாங்க. ஒரு மணி நேரத்துல மொட்டை நல்லாயிட்டான். எங்களைத் திட்டுற அளவுக்கு நல்லாயிட்டான்.

அவனை அவங்க பொறுப்புல விட்டுட்டு, அவன் துரத்தினதால நாங்க மூணு பேர் மட்டும் மீதியை ஓடினோம். மேல வரிசையா இருக்கிற கம்பிகளைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே தாண்டுற மங்கி பார்ல கை மரத்துப் போய், ரெண்டாவது கம்பியிலயே தொப்புனு விழுந்தேன். தண்டனை 20 பர்ப்பி, அதாவது குனிஞ்சு, தரையில படுத்து, எந்திரிச்சுக் குதிக்கிற பயிற்சி. சத்தியமா சொல்றேன், அன்னிக்கு முழுக்க எனக்குக் கிடைச்ச நல்ல காரியம் அதுதான். மரத்துப் போன விரல் நுனி வரைக்கும் ரத்தம் ஓட ஆரம்பிச்சுச்சு. தாண்டி ஜெயிச்ச மத்த ரெண்டு பேரும் எனக்காக நடுங்கிக்கிட்டு நிக்கிறாங்க!

அடுத்த தடவை சபதத்தைக் கொஞ்சம் மாத்தியிருக்கோம். மெதுவா வர்ற ஆள்தான் முதல்ல ஏறணும். காத்திருக்கிற எவனும் சும்மா நிக்கக்கூடாது, ஸ்குவாட் (உக்காந்து எந்திரிக்கிறது) போடணும், இல்ல அதே இடத்துல ஓடணும். ஆளுக்கொரு மெல்லிசு காத்துத் தடுப்பு ஜாக்கெட், இடுப்புப் பையில. எவனாவது குழற ஆரம்பிச்சா சிரிக்கிறதுக்கு முன்னாடி விரல் டெஸ்ட்.

அந்த வீடியோவைப் போடச் சொல்லி மொட்டையே கேக்குறான், வியூஸ் வரும்டான்னு. போட மாட்டேன். அதுல அவன் குரலை விட என் சிரிப்புதான் சத்தமா கேக்குது.

சரி, ஷூ இன்னும் பைக்குள்ளயே இருக்கு. நேத்து கட்டினது, திறக்கல. இங்க வரைக்கும் வாடை வருது. கழுவிட்டு வந்துடறேன்.