ஹான் நதிப் பூதமும் ஒன்பது கால் கணவாயும்

நேயர்களுக்கு வணக்கம்.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், சியோல் நகரின் யோங்சான் அமெரிக்க ராணுவ முகாமில், பிணங்களைப் பதப்படுத்தும் ஃபார்மால்டிஹைடைச் சாக்கடையில் ஊற்றச் சொன்னார் பிணவறைப் பொறுப்பாளர். ஹான் நதிக்குப் போகிற சாக்கடை அது. விஷயம் வெளியே தெரிந்ததும் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ 2006இல் எடுத்த 'தி ஹோஸ்ட்' என்ற பூதப் படம் அந்தக் காட்சியில்தான் தொடங்குகிறது.

இந்த வகைப் படங்களில் பூதத்தை ரொம்ப நேரம் வாலும் நிழலுமாகவே காட்டிக்கொண்டிருப்பார்கள். இதில் கால் மணி நேரத்துக்குள், பட்டப்பகலில், பூங்காவில் முழு உருவமாக ஓடி வருகிறது. ஓடுகிற வேகத்தில் கால் இடறி விழவும் செய்கிறது! அதன் உருவத்தை ஒளித்துவைக்கும் வேலை அதோடு முடிந்தது. மிச்சப் படம் முழுக்க அரசாங்கத்தின் மேல் கண் வைக்கலாம். பூதம் தூக்கிப்போன தன் மகள் உயிரோடு போனில் பேசினாள் என்று அப்பா காங்-டு கதறுகிறான். போலீஸ் அவனைக் கிறுக்கன் என்கிறது. இல்லாத வைரஸுக்காக அந்தக் குடும்பத்தையே அடைத்துவைக்கிறார்கள். அந்த வைரஸை ஒழிக்க 'ஏஜென்ட் யெல்லோ' என்று ஒரு ரசாயனம் வருகிறது. வியட்நாம் போரில் அமெரிக்கா தெளித்த நச்சு ரசாயனமான ஏஜென்ட் ஆரஞ்சுக்குத்தான் அந்தக் குத்தல்.

அஞ்சலி மண்டபக் காட்சியைக் கவனியுங்கள். சிறுமியின் படத்துக்கு முன்னால் குடும்பத்தார் நான்கு பேரும் தரையில் புரண்டு அழுகிறார்கள், ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டு. பத்திரிகைக்காரர்கள் படமெடுக்கிறார்கள். நடுவில், வழியை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லி அறிவிப்பு! நமக்குச் சிரிப்பு வருகிறது, துக்கமும் குறையவில்லை.

இதைப் பார்த்துச் செய்கிறவர்கள் தவறுவது இங்கேதான். ஜோக் அடிக்கத் தனியாக ஒரு கோமாளியைச் சேர்ப்பார்கள்; அவன் வாயைத் திறந்ததும் பயம் போய்விடும். போங் படத்தில் சிரிப்புக்குப் பின்னால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் காங்-டு, வாடிக்கையாளருக்குச் சுட்ட கணவாய் மீனின் பத்துக் கால்களில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்பது காலோடு அனுப்புகிறான். சிரிக்கிறோம். பிறகு அதே அசட்டையில் தோட்டாவைத் தப்பாக எண்ணிவிட்டு, துப்பாக்கியைத் தன் அப்பாவிடம் கொடுக்கிறான். கிழவர் பூதத்தின் எதிரே நின்று விசையை அழுத்தும்போது உள்ளே ஒன்றுமில்லை.

2018இல் வந்த இன்னொரு கொரியப் பூதப் படமான 'மான்ஸ்ட்ரம்', அந்த நாட்டின் பழைய ஜோசன் மன்னராட்சிக் காலக் கதை. அரசனைக் கவிழ்க்க மந்திரிகள் பூதம் பற்றிய வதந்தியைக் கையில் எடுக்கிறார்கள், அருமையான முடிச்சு. ஆனால் மிருகம் வெளியே வந்ததும் அரசியல் ஓரத்துக்குப் போய்விடுகிறது, வாள்சண்டைதான் மிஞ்சுகிறது. முதல் பாதிக்காகப் பார்க்கலாம்.