வாய் மூடிக் கடந்து போகாதே

மேடையில் அமர்ந்திருக்கும் தந்தையர்க்கும், அருட்சகோதரிகளுக்கும், பல பங்குகளிலிருந்து வந்திருக்கும் பாடற்குழுவினருக்கும் வணக்கம்.

இசையைப் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் ஒரு சுவரைப் பற்றிப் பேசித் தொடங்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில், புளோரன்ஸ் நகரத்தில் சான் மார்கோ என்று ஒரு பழைய மடம். இப்போது அருங்காட்சியகம். 1436இல் தோமினிக்கன் சபையாருக்கு, அதாவது நம் பெரியவர்கள் சாமிநாதர் சபை என்பார்களே அவர்களுக்கு, அது வந்து சேர்ந்தபோது இடிந்து கிடந்தது. செலவு செய்து கட்டிக் கொடுத்தவர் வங்கித் தொழிலில் கொழித்த கோசிமோ தே மெடிச்சி. அந்தப் பணம் மனத்தை உறுத்தித்தான் கட்டினார் என்று அவர் காலத்தவரே எழுதியிருக்கிறார்கள். அது அவர் பாடு. சுவர்களில் படம் எழுதியவர் அதே சபைத் துறவி, ஃபிரா ஆஞ்செலிகோ.

மாடிப்படி ஏறி நிமிர்ந்தால் எதிரே மங்கள வார்த்தைக் காட்சி, அதாவது இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாவுக்கு அறிவிக்கும் காட்சி. கபிரியேல் தூதர் பணிந்து நிற்கிறார். மரியா மர இருக்கை ஒன்றில், மார்பின்மேல் கைகளைக் குறுக்கே வைத்து அமர்ந்திருக்கிறார். படத்தின் அடியில் லத்தீனில் ஓர் எச்சரிக்கை: கன்னியின் உருவத்துக்கு முன்னால் வரும்போது, மங்கள வார்த்தைச் செபம் சொல்லாமல் வாய் மூடிக் கடந்து போகாதே! ‘தொடாதே’ என்று எழுதிய படங்களைப் பார்த்திருக்கிறோம். இந்தப் படமோ, பார்த்தது போதாது, செபம் சொல்லிவிட்டுப் போ என்று நம்மை நிறுத்தி வைக்கிறது.

உள்ளே சிறு சிறு அறைகள். அறைக்கு ஒரு சன்னல், ஒரு சுவரோவியம். ஏழாம் அறையில் ஆண்டவரைப் பரிகசிக்கும் காட்சி. கண்ணைக் கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் படைவீரர் ஒருவரும் இல்லை. அடிக்கும் கைகள் மட்டும் அந்தரத்தில் நிற்கின்றன, உமிழும் ஒரு தலை மட்டும் தெரிகிறது. கீழே படியில் மாதா, பக்கத்தில் சபையைத் தொடங்கிய சாமிநாதர். இருவரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாமிநாதர் மடியில் புத்தகம் வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறார். கதை சொல்லும் படமாக இருந்தால் வீரர்களை விட்டிருக்க முடியுமா? அந்த அறைத் துறவிக்குக் கதை தெரியும். அவர் செய்ய வேண்டிய தியானத்தைச் சாமிநாதர் செய்துகொண்டிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த நவதுறவியர் அறைகளிலும் இப்படித்தான். சிலுவையடியில் சாமிநாதர் ஓர் அறையில் முழந்தாளில் இருக்கிறார், இன்னொன்றில் கைகளை விரிக்கிறார். உடம்பால் எப்படிச் செபிப்பது என்று இளைஞருக்குச் சுவரே பாடம் நடத்தியது.

இந்தத் துறவிகள்தாம் கீழே கோவிலில் விவிலியத்தின் சங்கீதங்களைப் பாடியவர்கள். இரண்டு அணியாக எதிரெதிரே நின்று, ஒரு வசனம் இந்தப் பக்கம், அடுத்த வசனம் அந்தப் பக்கம். நம் ஊரில் செபமாலையை இரண்டு பக்கமாகப் பிரித்துச் சொல்கிறோமே, அதே முறை. கிரகோரியன் இசை என்னும் அந்தப் பழைய லத்தீன் பாட்டு முறையில் சுருதி சேர்க்க இன்னொரு குரல் கிடையாது, தாளக் கருவி கிடையாது. வசனத்தின் நடுவில் எல்லோரும் நிறுத்தி மூச்சு விடுவார்கள். நல்ல குரல் உள்ளவரும் கட்டைக் குரல்காரரும் ஒரே மூச்சில் போக வேண்டும். தனி ஆவர்த்தனத்துக்கு அங்கே வேலையில்லை.

பிறகு பலகுரல் இசை வளர்ந்தது, அதில் பேர்பெற்ற பலெஸ்திரினா வந்தார், ஆர்கன் வந்தது. எல்லாம் பெரிய செல்வம்; அதற்குள் இன்று போகவில்லை. 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் கோவிலுக்குள் நாடக மேடை இசை புகுந்ததைக் கண்டித்துச் சட்டமே எழுத வேண்டியதாயிற்று. 1963இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிரகோரியன் இசைக்கு முதலிடம் கொடுத்தது. அந்தந்த மக்களின் இசை மரபையும் மதிக்கச் சொன்னது. மக்கள் பதிலுரைகளிலும் சங்கீதங்களிலும் பங்கெடுக்கட்டும், உரிய நேரத்தில் மௌனமும் காக்கட்டும் என்றது.

பாடற்குழுத் தம்பி தங்கைகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பூசையில் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலின் பல்லவி ஒரே வரி. அதற்குக் கீபோர்டில் நீளமாக ஒரு முன்னிசை வாசித்து, மூன்று கமகம் போட்டு ஏற்றினால், கடைசித் தூணருகே நிற்கும் பாட்டி எப்படிப் பிடிப்பார்? அவரை வாய் மூட வைத்தது நாம்தான். நற்கருணை வாங்கிய பின்னும் மௌனத்துக்கு இடம் விடாமல் ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததைத் தொடங்கிவிடுகிறோம். வருகிற ஞாயிறு பல்லவியை மட்டும், கருவி இல்லாமல், பூசைக்கு முன் ஒருமுறை மக்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். மைக்கைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.