டர்ஹம் பேராலயத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம்

நேயர்களுக்கு வணக்கம். வடகிழக்கு இங்கிலாந்தில், வியர் ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் குன்றின் மேல் நிற்கிறது டர்ஹம் பேராலயம். 1093-இல் கடைக்கால் போட்டு, நாற்பதே ஆண்டுகளில், 1133-இல் முதன்மைக் கட்டடத்தை முடித்துவிட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஆனால் கடைசி ஏற்றம் செங்குத்தானது, கல் பாவிய தெரு. மழை பெய்தால் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

வடக்கு வாசலால் உள்ளே நுழைந்ததும் பலர் நேரே பீடத்தை நோக்கி நடந்துவிடுகிறார்கள். அவசரப்படாமல் வலப்பக்கம் திரும்பி மேற்குக் கோடிக்குப் போய் நில்லுங்கள். இரு வரிசையிலும் ஒரு கொத்துத் தூண் (பல தண்டுகள் ஒட்டிச் சேர்ந்த தூண்), ஒரு உருளைத் தூண் என மாறி மாறி வரும். உருளைத் தூண்களில் ஒன்றில் அலைக்கோடு, இன்னொன்றில் சாய்சதுரம். ஒரு தூணில் உள்ள கோலமே எதிர்த் தூணிலும் இருக்கும். கிட்டே போய் இரண்டு கல் சேரும் இடத்தைப் பாருங்கள்: பள்ளக்கோடு பிசகாமல் அடுத்த கல்லுக்குத் தொடர்கிறது. கற்களைத் தரையிலேயே அளவு வைத்துச் செதுக்கி, பிறகு அடுக்கிய வேலை அது.

இப்போது அண்ணாந்து பாருங்கள். ஒரு சின்ன தொலைநோக்கி இருந்தால் நல்லது. அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதிதான். நீள்சதுரத்தின் மேல் கல்கூரை போடும்போது சிக்கல் வருகிறது. மூலைக்கு மூலை போகும் வளைவு நீளமாக இருப்பதால் உயர்ந்துவிடும். குறுக்கே போகும் வளைவு தாழ்ந்து நிற்கும். உச்சிகள் ஒரே மட்டத்தில் சேராது. டர்ஹம் கொத்தர்கள் மூலைவிட்டத்தை அரைவட்டமாகவே விட்டு, குறுக்கு வளைவை மட்டும் கூராக்கி உயர்த்தினார்கள். கூர் வளைவுகளுக்குப் பேர்போன கோதிக் கட்டடப் பாணிக்கு வழி திறந்த வேலை இது. இந்தப் பேராலயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால், இதைப் பாருங்கள். எல்லாமே முதல் தடவையில் சரியாக வந்துவிடவில்லை. பீடப் பகுதியின் முதல் கல்கூரை விரிசல் விட்டதால் 13-ஆம் நூற்றாண்டில் அதை மாற்றிக் கட்டினார்கள்.

மேற்குக் கோடியில் தரையில் ஒரு கறுப்புக் கல் கோடு தெரியும். துறவியர் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டிக் கிழக்கே, பீடத்தின் பக்கம் போக முடியாது. கோட்டுக்கு மேற்கே 1170-களில் கட்டிய கலிலேயா சிற்றாலயம். பீட் என்ற பழைய ஆங்கில வரலாற்றாசிரியரின் கல்லறை அங்கே. இந்தச் சிற்றாலயத்தை முதலில் கிழக்கில்தான் எழுப்பப் பார்த்தார்கள். சுவர் வெடித்தது. இந்தப் பேராலயத்தில் அடக்கமாகியிருக்கும் புனித கத்பெர்ட்டின் கோபம் என்று சொன்னார்கள். அந்தப் பக்கத்து மண் உறுதியற்றது என்பதே காரணம்.

நடுக்கோபுரத்துக்கு 325 படிகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். வழிபாட்டு நேரங்களில் சுற்றிப் பார்க்கத் தடை உண்டு, முன்கூட்டியே விசாரித்துப் போங்கள்.

கடைசியாகக் கிழக்குக் கோடிக்கு, ஒன்பது பீடச் சிற்றாலயத்துக்கு வாருங்கள். அங்குள்ள மெல்லிய கறுப்புத் தூண்கள் ஃப்ராஸ்டர்லி கல் என்ற சுண்ணாம்புக்கல். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாக வளையங்கள் தெரியும். அத்தனையும் பழங்காலக் கடலில் வாழ்ந்த பவளங்கள்.