உடைத்துப் பார்க்க ஒரு விண்மீன்திரள்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய நூலகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் மாணவ மாணவியரே, வணக்கம்.

கட்டற்ற மென்பொருளோடு வரும் கணினிகள் கேரளப் பள்ளிகளுக்குக் கிடைத்த பெரும் பேறு. பள்ளிகளின் தகவல் தொழில்நுட்ப மாணவர் மன்றமான ‘லிட்டில் கைட்ஸ்’ பிள்ளைகள் அவற்றில் விளையாட்டுகளைத் தாங்களே எழுதக் கற்கிறார்கள். தமிழ்வழியில் படித்தாலும் மலையாளவழியில் படித்தாலும் அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு விண்மீன்திரளைக் கணினி விளையாட்டாக எழுதுங்கள். பார்த்து வியப்பதற்காக அல்ல, உடைத்துப் பார்ப்பதற்காக.

வேதியியல் கூடத்தில் அமிலத்தைத் துளித்துளியாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கலாம். வானியலுக்கு அப்படியொரு மேசை கிடையாது. சூரியன் பால்வெளி மண்டலத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நொடியை ஒரு கோடி ஆண்டாக வைத்துக்கொண்டால் திரையில் அது 23 நொடியில் முடிந்துவிடும். பாடத்தின் நடுவே இந்த விளையாட்டு வந்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

இந்த ஆசை கணினிக்கும் முந்தியது. 1941-இல் சுவீடன் நாட்டு வானியலாளர் எரிக் ஹோல்ம்பர்க், திரள் ஒன்றுக்கு 37 வீதம் 74 மின்விளக்குகளைப் பரப்பிவைத்தார். தூரம் இரட்டித்தால் விளக்கின் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஈர்ப்பு விசையும் அப்படியே குறைகிறது. ஆகவே, ஓரிடத்தில் விழும் ஒளியை அளந்தால் அந்த இடத்து ஈர்ப்பு கிடைத்துவிடும்! அளந்தார், கணக்கிட்டார், விளக்குகளைக் கையால் நகர்த்தினார், மறுபடி அளந்தார். இரண்டு திரள்கள் உரசிச் செல்லும்போது என்ன நடக்கும் என்பதை அவர் கண்டது இப்படித்தான். எதிர்த்தகவு இருமடி விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட அழகான கதை எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். திரையில் புள்ளிகளின் கூட்டமே திரள். எடையை எங்கே வைப்பது என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும். ஒளி தெரிகிற இடத்தில்தான் எடையும் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். நடுவில் நிறைய வைத்து, ஓரத்தில் கொஞ்சம் தூவுவார்கள். அப்படி வைத்தால் ஓரத்துப் புள்ளிகள் மெதுவாகவே சுற்றவேண்டும். ஏறக்குறைய எடை முழுவதும் நடுவிலேயே இருக்கும் சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது, தொலைவிலிருக்கும் நெப்டியூனோ 5 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஆனால் அமெரிக்க வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் நம் பக்கத்துத் திரளான ஆண்ட்ரோமெடாவை அளந்து 1970-இல் வெளியிட்ட முடிவுகளில், வெளியே போகப் போக வேகம் அப்படிக் குறையவில்லை.

அந்த வேகத்தைத் திரையின் ஓரப் புள்ளிகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். பிள்ளை நடுவில் எடையைக் கூட்டுவாள். ஓரம் நிற்கும், உள்ளே இருப்பவை வெறிபிடித்துச் சுழலும். குறைத்தால் மறுபடி ஓரம் சிதறும். இந்த இடத்தில் ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. மணி அடித்தாலும் பரவாயில்லை, மறுநாள் தொடரட்டும். கண்ணுக்குத் தெரியாத எடையைத் திரளுக்கு வெளியேயும் ஒரு பெரிய கோளமாகப் பரப்பினால் என்ன என்று அவளாகவே கேட்கும்வரை காத்திருங்கள். இருண்ட பொருள் என்ற பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். வரையறையை மனப்பாடம் செய்தவளுக்கும், அது இல்லாமல் தன் திரள் சிதறியதைப் பார்த்தவளுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

மோதல்களைப் பிள்ளைகள் சொல்லாமலே செய்துபார்ப்பார்கள். அஸ்தம் இருக்கும் விண்மீன் கூட்டத்தில் ‘ஆன்டென்னா’ எனப்படும் இரட்டைத் திரள் இருக்கிறது, தொலைநோக்கிக்கு மட்டுமே தெரியும். அதன் இரண்டு நீண்ட வால்களும் ஈர்ப்பினால் மட்டுமே உண்டாகும் என்று ஆலர் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் 1972-இல் கணினியில் காட்டினார்கள். மோதலில் விண்மீன்கள் இடித்துக்கொள்ளுமா என்று கட்டாயம் ஒரு கை உயரும். சூரியனை ஒரு புளியங்கொட்டையாக இங்கே கொழிஞ்சாம்பாறையில் வைத்தால், அடுத்த விண்மீன் கன்னியாகுமரிப் பக்கம் கிடக்கும். இடிப்பதற்கு வாய்ப்பே அரிது. வாயுக்கள்தாம் மோதும், அதில் புது விண்மீன்கள் பிறக்கும்.

டூம்ரே சகோதரர்களின் கணக்கில் எடை முழுவதும் நடுப்புள்ளியில் இருந்தது. மற்றவை ஒன்றையொன்று இழுக்கவில்லை. அப்படி எழுதினால் பழைய மடிக்கணினியிலும் ஓடும், ஆனால் திரள்கள் ஒன்றாகக் கலக்காது. எல்லாப் புள்ளிகளும் ஒன்றையொன்று இழுக்கட்டும் என்றால், ஆயிரம் புள்ளிகளுக்கு 4,99,500 இணைகள், கணினி திணறும். ஆனால் ஊடுருவிச் செல்லும் திரள் வேகம் குறைந்து, சுருண்டு, கலந்துவிடும். விண்மீன்களுக்கு நடுவே செல்லும் எடைமிக்க பொருள், தன் பின்னால் திரளும் விண்மீன்களாலேயே பின்னிழுக்கப்படும். இந்த உராய்வை 1943-இல் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். அவருடைய பெயரை நோபல் பரிசோடு மட்டும் நிறுத்திவிடுகிறோம். இந்தக் கணக்கோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

விளையாட்டு எதையெல்லாம் மறைக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். பால்வெளியில் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள். ஆயிரம் புள்ளித் திரளில் ஒரு புள்ளி என்பது 10 கோடி விண்மீன்கள். இரண்டு புள்ளிகள் மிக நெருங்கினால் விசை எல்லை மீறித் தூக்கி எறியும் என்பதால், நிரல் எழுதுபவர் அதை வேண்டுமென்றே மழுக்கிவைக்கிறார். அந்த வரியைத் திறந்து காட்டுங்கள்.

ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்து நம் பால்வெளியை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கிவருகிறது. மோதல் உறுதி என்று நெடுநாள் எழுதப்பட்டது. அடுத்த 1,000 கோடி ஆண்டுக்குள் அவை இணைய ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்று 2025-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அளவீடுகளில் உள்ள சிறு ஐயங்களே போதும், முடிவு மாறிவிடுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்ட்ரோமெடாவின் பக்கவாட்டு வேகத்தைச் சற்றே மாற்றிக் கொடுங்கள். ஓட்டுவதற்கு முன் ஆளுக்கொரு கணிப்பை நோட்டில் எழுதட்டும். பிறகு, இணைந்த திரள்களையும் விலகிப்போன திரள்களையும் ஒரே சுவரில் ஒட்டிவைத்து, ஏன் வேறுபட்டன என்று அவர்களுக்குள் வாதாடட்டும்.