பயிற்சியில் ஓடும் ஆட்டோ போட்டியில் ஏன் தடுமாறுகிறது?

வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான ரோபோப் போட்டியான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் ஆடும் அணி ஒன்றில் இருக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ரோபோவின் ஆட்டோ பயிற்சி அறையில் நன்றாக ஓடுகிறது. போட்டிக்குப் போனால் ஓர் ஆட்டத்தில் சரியாக வருகிறது, அடுத்த ஆட்டத்தில் அரை அடி தள்ளி நிற்கிறது. எண்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டோம். ஆட்டோவை எப்படித்தான் சோதிப்பது?"

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டியில் ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம். முதல் 30 வினாடி ரோபோ தானாக ஓட வேண்டும், கேம்பேடை யாரும் தொடக்கூடாது. அதைத்தான் ஆட்டோ என்கிறோம். மீதி இரண்டு நிமிடம் டிரைவர்கள் கேம்பேடால் ஓட்டுவது டெலிஆப். களம் 12 அடிக்கு 12 அடி. கீழே 2 அடி சதுரமான ஃபோம் டைல்கள் போட்டிருப்பார்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். "எண்களை மாற்றி மாற்றி" என்று சொன்னீர்கள் பாருங்கள், பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு தடவை ஓட்டுகிறோம், 3 அங்குலம் குறைவாக நிற்கிறது. உடனே கோடில், அதாவது ரோபோவுக்கு எழுதிய நிரலில், 3 அங்குலம் கூட்டுகிறோம். அடுத்த தடவை 2 அங்குலம் தாண்டிப் போகிறது, மறுபடி குறைக்கிறோம். சாயங்காலம் ஒரு தடவை கச்சிதமாக வந்ததும் வீடியோ எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். இதில் சோதனை எங்கே நடந்தது?

கோடைத் தொடாமல், ஒரே ஆட்டோவைப் பத்து தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் ரோபோ நின்ற இடத்தில், அதன் ஒரு மூலைக்குக் கீழே டைலில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓட்ட எண்ணையும் அந்த நேரத்து பேட்டரி வோல்டேஜையும் அதிலேயே எழுதுங்கள். பத்தும் முடிந்ததும் தள்ளி நின்று பாருங்கள். பத்து டேப்பும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது, ஆனால் அந்த இடம் நமக்கு வேண்டிய இடம் இல்லை என்றால், அப்போது எண்ணை மாற்றலாம். மாற்றினால் குவியல் முழுக்க நகர்ந்து வரும். டேப்புகள் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தால் எண்ணைத் தொடவே கூடாது. சிதறலுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. நீங்கள் சொல்வதைக் கேட்டால் உங்களுடையது இந்த இரண்டாவது வகை என்றுதான் நினைக்கிறேன்.

சிதறல் எங்கிருந்து வரும்? நான் முதலில் சந்தேகப்படுவது பேட்டரியை. உங்கள் கோடு "பாதி பவரில் இத்தனை வினாடி முன்னே போ" என்று எழுதியிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். முழு சார்ஜில் 12 வோல்ட் பேட்டரி 13 வோல்ட்டைத் தாண்டிக் காட்டும், சில ஆட்டம் ஆடியபின் 12க்குப் பக்கத்தில் வந்துவிடும். மோட்டார் வேகம் கிட்டத்தட்ட வோல்டேஜோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 13.5 வோல்ட்டில் 4 அடி போன ரோபோ 12.2 வோல்ட்டில் ஏறக்குறைய 5 அங்குலம் குறைவாகப் போகும். நீங்கள் சொல்கிற அரை அடியில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடுகிறது. டேப்பில் வோல்டேஜை எழுதச் சொன்னது இதற்காகத்தான். வோல்டேஜ் இறங்க இறங்க டேப்புகள் வரிசையாகப் பின்னால் வந்தால் கேஸ் முடிந்தது.

அதற்கு மருந்து என்கோடர், அதாவது மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று டிக் டிக்காக எண்ணிச் சொல்லும் சென்சார். கோபில்டா நிறுவனத்தின் 312 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 312 சுற்று) மோட்டாரின் வெளித்தண்டு ஒரு சுற்று சுற்றினால் 537.7 டிக் வரும். 96 மில்லிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 301.6 மில்லிமீட்டர். ஆக, ஒரு டைல் தூரத்துக்கு ஏறத்தாழ 1087 டிக். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், அப்புறம் டேப் அளவையால் அளந்து சரிபாருங்கள். மெக்கானம் சக்கரம் (சாய்ந்த உருளைகள் கொண்ட, ரோபோவைப் பக்கவாட்டிலும் போக வைக்கும் சக்கரம்) வைத்திருந்தால் பக்கவாட்டில் போகும்போது இந்தக் கணக்கு அப்படியே வராது. சக்கரம் வழுக்கும், தூரம் குறையும். பக்கவாட்டுக்குத் தனியாக அளந்துதான் ஆக வேண்டும்.

என்கோடர் வைத்தும் சிதறுகிறதா? அப்படியானால் தொடக்கத்தைப் பாருங்கள். ரோபோவை வைக்கும்போது 2 டிகிரி சாய்ந்திருந்தால் 6 அடி போய்ச் சேரும்போது இரண்டரை அங்குலம் விலகியிருக்கும். கேரம் ஸ்ட்ரைக்கரை மயிரிழை தவறி அடித்தால் காய் எங்கே போகும் என்று தெரியும் அல்லவா, அதே கதை. கண்ணால் பார்த்து வைக்காதீர்கள். ரோபோவின் ஒரு பக்கம் களத்துச் சுவரில் முழுதாக ஒட்டியிருக்க வேண்டும், ஒரு மூலை டைல் இணையும் கோட்டில் இருக்க வேண்டும். அணியில் யார் வைத்தாலும் ஒரே மாதிரி வர வேண்டும். பத்து ஓட்டத்தில் ஐந்து தடவை ஒருவரும் ஐந்து தடவை இன்னொருவரும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் டேப்பே காட்டிக்கொடுக்கும்.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது, போட்டியில் மட்டும் சொதப்புவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். பயிற்சியில் என்ன செய்கிறோம்? ரோபோவைத் தயார் நிலைக்குக் கொண்டுவரும் இனிட் பொத்தானை அழுத்தின கையோடு, ஓட வைக்கும் ஸ்டார்ட். போட்டியில் இனிட் அழுத்திவிட்டு நடுவருக்காகக் காத்திருக்கிறோம். அந்த இடைவெளியில் யாராவது ஒருவர் ரோபோ கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்று லேசாகத் திருப்பி வைப்பார். ரோபோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஐஎம்யூ சென்சாரின் கோணத்தை இனிட்டிலேயே பூஜ்யமாக்கியிருந்தால், பழைய கோணல்தான் ரோபோவுக்கு நேர். நீங்கள் நேராக்கியதை அது கோணலாகக் கருதும். கோணத்தைப் பூஜ்யமாக்கும் வரியை ஸ்டார்ட் அழுத்தும்வரை காத்திருக்கும் வெயிட் ஃபார் ஸ்டார்ட் வரிக்குப் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். அதோடு பயிற்சியிலும் இனிட் அழுத்திவிட்டு இரண்டு மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள். பசங்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும்.

ஒரு சக்கரம் மட்டும் வெறிபிடித்த மாதிரி சுற்றி ரோபோ வட்டமடிக்கிறது என்றால் கோடில் தேடாதீர்கள், என்கோடர் கேபிளைப் பாருங்கள். கேபிள் கழன்றால் மோட்டார் நகரவே இல்லை என்று ஹப் (மோட்டார்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) நினைத்துக்கொண்டு முழு பவரையும் கொடுக்கும். இலக்கை அடைந்ததாகத் தகவலே வராததால் மோட்டார் இன்னும் இலக்கை நோக்கி ஓடுகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் இஸ் பிஸி லூப்பும் முடியாது, ரோபோ அந்த வரியிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் காத்திருக்கும் லூப் ஒவ்வொன்றிலும் நேர வரம்பு போடுங்கள். போட்டபின் வேண்டுமென்றே ஒரு கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். ரோபோவை மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்து, சக்கரம் தரையைத் தொடாமல், ஒருவர் கை ஸ்டாப் பொத்தான் மேல் இருக்கும்போது மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும்.

கேமரா இருந்தால் அரங்க வெளிச்சம் தனித் தலைவலி. நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் கோடு ரொம்பவே பாதிக்கப்படும். களத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறியீடான ஏப்ரல்டேக் பரவாயில்லை, ஆனால் ரோபோ நகரும்போது படம் கலங்கினால் அதுவும் தெரியாது. எக்ஸ்போஷரை (கேமரா ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கும் நேரத்தை) தானியங்கியில் விடாமல் குறைத்து வைத்து, கெயினை (படத்தின் பிரகாசத்தை மின்னணு முறையில் கூட்டும் அளவை) கூட்டுங்கள். போட்டிக்கான மென்பொருள் தொகுப்பான எஸ்டிகேயோடு வரும், ஏப்ரல்டேக்கை நோக்கிப் போகும் உதாரணக் கோடிலேயே எக்ஸ்போஷர் 6 மில்லி வினாடி, கெயின் 250 என்றுதான் இருக்கும். அங்கிருந்து ஆரம்பித்து, ஜன்னலைத் திறந்தும் மூடியும் ஒவ்வொரு தடவை பாருங்கள்.

ஆட்டோ முடிந்ததும் சோதனை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 30 வினாடி முடிந்தபின் ரோபோவைத் தொடாமல் டெலிஆப்பைத் தொடங்கி லிஃப்டை (பொருளை மேலே தூக்கும் பகுதியை) இறக்கிப் பாருங்கள். ஆட்டோவில் லிஃப்ட் பாதி உயரத்தில் நின்றிருக்கும். டெலிஆப் கோடு தொடங்கும்போதே என்கோடரைப் பூஜ்யமாக்கினால் அந்தப் பாதி உயரம்தான் தரை என்று ஆகிவிடும், லிஃப்ட் கீழே வராது. பயிற்சியில் ஆட்டோவைத் தனியாகவும் டெலிஆப்பைத் தனியாகவும் ஓட்டும் அணிகளுக்கு இது முதல் ஆட்டத்தில்தான் தெரியவரும். இனிட், ஸ்டார்ட் பொத்தான்கள் இருக்கும் டிரைவர் ஸ்டேஷனில் உள்ள 30 வினாடி டைமரையும் எப்போதும் போட்டே ஓட்டுங்கள்.

கடைசியாக, அந்த ஆட்டத்தில் உங்களோடு சேர்ந்து ஆடும் கூட்டணி அணி. அவர்களுடைய ரோபோவும் அதே 30 வினாடியில் ஓடுகிறது, இருவர் பாதையும் குறுக்கிட்டால் யாருடைய டிக் கணக்கும் உதவாது. தொடக்கத்தில் சில வினாடி தாமதம் வைக்கும் வசதியை இனிட் நேரத்தில் கேம்பேடின் டி-பேடால் (நான்கு திசைப் பொத்தான்களால்) தேர்ந்தெடுக்கும்படி எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாமதத்தோடும் பத்து தடவை ஓட்டுங்கள். உங்கள் ஆட்டோ 27 வினாடி எடுக்கிறது, தாமதம் 5 வினாடி என்றால் கடைசி வேலை நடக்காது. அப்போது எந்த வேலையை விடுவது என்பதையும் பயிற்சி அறையிலேயே பேசி வைத்துக்கொண்டு போங்கள்.