சுவிச் பிள்ளையின் கையில் இருக்கட்டும்

(கிளிநொச்சியில் பெற்றோரும் முன்பள்ளி ஆசிரியர்களும் கூடியிருந்த இடத்தில் பேசியது. கேட்டவர்களுக்காக எழுதிப் போடுகிறேன். பேச்சு பேச்சாகவே இருக்கட்டும் என்று அதிகம் திருத்தவில்லை.)

எல்லோருக்கும் வணக்கம். மைக்கின் சத்தத்தை நான்தான் குறைக்கச் சொன்னேன். பின்னுக்கு இருக்கிறவர்களுக்குக் கேட்காவிட்டால் முன்னுக்கு வாருங்கள், கதிரை இருக்கிறது. எழும்பி ஓடுகிற பிள்ளை ஓடட்டும், யாரும் பிடித்து இருத்த வேண்டாம்.

என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இதுதான்: கனடாவில் இருக்கிற சித்தப்பா காசு அனுப்புகிறேன் என்கிறார், முன்பள்ளியில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு சென்சரி ரூம், அதாவது வெளிச்சம், சத்தம், தொடுகை என்று புலன்களுக்கான ஒரு அறை, போட வேண்டும், என்ன சாமான் வாங்குவது? நல்ல மனம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சாமான் பட்டியலில் தொடங்கினால் அந்த அறை ஆறு மாதத்தில் பூட்டித்தான் கிடக்கும். திறப்பு விழாப் படம் சுவரில் இருக்கும், சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. அப்படிக் கிடக்கிற அறைகளை நான் பார்த்திருக்கிறேன், எந்த ஊர் என்று இங்கே வேண்டாம்.

முதலில் பிள்ளையைப் பாருங்கள். ஐம்புலன் என்று படித்தோம். இன்னும் உண்டு. உடம்பு நிமிர்ந்து நிற்கிறதா, சுழல்கிறதா என்று உள்காது சொல்கிறது. கை எங்கே, கால் எங்கே, எவ்வளவு பலம் போட வேண்டும் என்று தசையும் மூட்டும் சொல்கின்றன. பசி, மூத்திரம், நெஞ்சுப் படபடப்பு இவற்றை உடம்பின் உள்ளே இருக்கிற இன்னொரு உணர்வு சொல்கிறது. ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இவற்றில் சில அளவுக்கு மீறி வந்து சேர்கின்றன, சில போதாமல் வந்து சேர்கின்றன. இது சும்மா கூட வருகிற ஒரு குணம் என்று நினைக்க வேண்டாம், 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டைத் திருத்தியபோது ஓட்டிசத்தை அடையாளம் காணும் குறிகளிலேயே இதையும் சேர்த்துவிட்டது.

நம்முடைய ஊரில் இது எப்படி இருக்கும்? சீற் கூரையில் மழை கொட்டுகிறபோது ஒரு பிள்ளை கட்டிலுக்குக் கீழே போய்விடும். இன்னொரு பிள்ளை மழை இல்லாத நாளிலும் தகர வேலியைப் போய்ப் போய்த் தட்டும், அந்த அதிர்வு அதற்கு வேண்டும். காலபோக அறுவடைக்கு வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கினால் அன்று முழுக்கச் சோறு இறங்காத பிள்ளை இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனால், லவுட்ஸ்பீக்கர், கற்பூரப் புகை, சனநெரிசல், யாரோ கன்னத்தைக் கிள்ளுவது, எல்லாம் ஒரேயடியாக வரும். பிள்ளை நிலத்தில் விழுந்து கத்தும். சுற்றி நிற்கிறவர்கள் குழப்படி என்பார்கள், வளர்ப்புச் சரியில்லை என்பார்கள், நூல் கட்டச் சொல்வார்கள். அம்மாவுக்கு அந்த இடத்தில் நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்றிருக்கும். பிள்ளை அடம் பிடிக்கவில்லை அம்மா, அந்தரப்படுகிறது. இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும்.

சரி, அறைக்கு வருவோம். இந்த எண்ணம் 1970களில் நெதர்லாந்தில் ஏடே என்ற ஊரிலிருந்த ஒரு பராமரிப்பு நிலையத்தில் வளர்ந்தது. கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக மங்கலான வெளிச்சம், மெல்லிய இசை, வாசனை, தொட்டுப் பார்க்கப் பலவகைப் பொருட்கள் என்று வைத்துப் பார்த்தார்கள். ஓட்டிசத்துக்கென்று தொடங்கியதல்ல. பிறகுதான் பாடசாலைகள், ஆஸ்பத்திரிகள், விமான நிலையங்கள் என்று பரவியது. சாமான் விற்கிற கம்பெனிகளும் கூடவே பரவின. விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது வேறு கதை.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது பிரித்தானியாவின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் செய்து 2021இல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் பற்றி. 4 முதல் 12 வயது வரையான, ஓட்டிசம் உள்ள 41 பிள்ளைகளை ஒரு புலன் அறைக்குள் விட்டார்கள். அதே அறை, அதே சாமான். ஒருமுறை லைற்றையும் சத்தத்தையும் மாற்றுகிற அதிகாரம் பிள்ளையிடம் இருந்தது, மற்றமுறை இல்லை. அதிகாரம் கையில் இருந்தபோது பிள்ளைகளின் கவனம் கூடியது, திரும்பத் திரும்பச் செய்கிற அசைவுகளும் குரல் எழுப்புவதும் குறைந்தன. அறைக்குள் என்ன இருந்தது என்பதில் வித்தியாசமே இல்லை, யார் கையில் சுவிச் இருந்தது என்பதில்தான். ஒரே ஆய்வுதான், அதை வேதமாக்க வேண்டாம். ஆனால் பிள்ளைகளோடு இருக்கிற எனக்கு அதைப் படித்தபோது ஆச்சரியம் வரவில்லை. நாள் முழுக்கப் பிள்ளைக்கு எதிலுமே தீர்மானம் இல்லை. எப்போது எழும்புவது, எந்தச் சட்டை, எந்தச் சத்தத்துக்கு நடுவில் சாப்பிடுவது, எல்லாம் நாங்கள் வைத்த சட்டம். ஒரு மூலையிலாவது அது சொன்னதைப் பொருட்கள் கேட்கட்டுமே.

ஆகவே அறை போடுகிறவர்கள் முதலில் சுவிச்சை இறக்குங்கள். சுவரில் பெரியவர்களின் தோள் உயரத்தில் இருக்கிற சுவிச்சை, எலக்ட்ரீசியனைப் பிடித்து, பிள்ளை எட்டுகிற உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். மினுங்குகிற பழைய ரியூப் லைற்றைக் கழற்றி விடுங்கள். எங்களுக்குத் தெரியாத மினுக்கமும் இரைச்சலும் சில பிள்ளைகளுக்குத் தெரியும்.

உள்ளே தண்ணீரில் குமிழி எழும்ப வெளிச்சம் போடுகிற அந்தப் பெரிய குமிழித் தூண்தான் இந்த அறைகளில் பிள்ளைகள் அதிகம் தேடிப் போகிற பொருள். ஏனென்றால் வெளிச்சம், அசைவு, கட்டிப்பிடித்தால் உடம்பில் அதிர்வு, மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிறது. அது வாங்க வசதியில்லாவிட்டால், மூடியுள்ள தெளிவான பிளாஸ்ரிக் போத்தல், மீன்தொட்டிக்குப் போடுகிற சின்னக் காற்றுப் பம்ப், பின்னால் ஒரு சிறிய லைற். வயரும் பிளக்கும் பிள்ளையின் கைக்கும் தண்ணீருக்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். நிலத்துக்குப் பனையோலைப் பாய். சில பிள்ளைகளுக்கு அந்தச் சொரசொரப்புப் பிடிக்கும், பிடிக்காத பிள்ளைக்குப் பஞ்சு மெத்தை. ஒரு பேசினில் ஆற்று மணல், இன்னொன்றில் நெல். வாயில் போடுகிற பிள்ளையென்றால் மணலும் வேண்டாம் நெல்லும் வேண்டாம், குளிர்ந்த தண்ணீர் போதும், அதுவும் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான். சேலையைக் கூரை வளையில் கட்டி ஊஞ்சல். மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் அநேகமாக அடங்கும், சுழற்றினால் அநேகமாகக் கிளறிவிடும். பிள்ளைக்குப் பிள்ளை மாறும், முகத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

பிறகு ஒன்று, இதை வேறு ஊரில் பேசினால் சொல்லியிருக்க மாட்டேன். புத்தகங்களில் சின்ன இருட்டுக் கூடாரம் வைக்கச் சொல்வார்கள். ஒரு அம்மா வாசலோடு நின்றுவிட்டார். பிள்ளை உள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது. அவருக்கு அது பங்கர். 2009இல் எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை. கூடாரத்தின் ஒரு பக்கத்துத் துணியை உயர்த்திக் கட்டினோம், வெளிச்சம் வந்தது, அவரும் பக்கத்தில் வந்து இருந்தார். கூட வருகிற பெரியவருக்கும் அந்த இடம் தாங்க வேண்டும், அவர் அந்தரப்பட்டால் பிள்ளைக்கு உடனே தெரியும்.

ஆபத்துகளை விட்டுவிட்டுப் போக மாட்டேன். பிள்ளை அடங்கட்டும் என்று மேலே போடுகிற, உள்ளே பாரம் வைத்துத் தைத்த போர்வையைப் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். 2008இல் கனடாவின் கியூபெக்கில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் பாடசாலையில் அப்படிப்பட்ட போர்வைக்குள் சுற்றப்பட்ட பிறகு இறந்தான். தானே தள்ளிவிட்டு எழும்ப முடியாத எதையும் பிள்ளையின் மேல் போடாதீர்கள், சுற்றவே கூடாது, தலையை மூடக்கூடாது, அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருகிற தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் வலிப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம், அதனால் வேகமாக வெட்டி வெட்டி எரிகிற லைற் வேண்டாம். சந்தையில் விற்கிற மின்னுகிற விளையாட்டுச் சாமானுக்குள் இருக்கிற பொத்தான் பற்றரியை விழுங்கினால் தொண்டையையே அரித்துவிடும்.

அறை தண்டனைக்கு அல்ல. “கத்தினால் அந்த அறைக்குள் போடுவேன்” என்று ஒருநாள் சொன்னாலே போதும், பிறகு பிள்ளை அந்தப் பக்கம் வராது. பரிசும் அல்ல, “எழுதி முடித்தால் விடுகிறேன்” என்பது தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனிடம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிற மாதிரி. கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும், வெளியே தாழ்ப்பாள் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள்.

இதனால் பேச்சு வருமா என்று முன்வரிசையில் ஒரு அப்பா கேட்டார். அறையால் வராது, அப்பா. ஓட்டிசம் மாறவும் மாறாது. ஆனால் அந்தரம் அடங்கின பிள்ளையோடுதான் எதையும் சொல்லிக்கொடுக்க முடியும். பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக் திகதியை விட்டுவிடாதீர்கள், பஸ் பிடித்துப் போவது எவ்வளவு கரைச்சல் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

எத்தனை நிமிடம் விடுவது என்றால், பிள்ளை எழும்பிப் போகும்வரை. ஒரு கொப்பி வையுங்கள். உள்ளே போகும்போது எப்படி இருந்தது, எதைத் தொட்டது, எதை நிறுத்தியது, வெளியே வந்து சாப்பிட்டதா, இவ்வளவும் இரண்டு வரியில். எதை நிறுத்தியது என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள், எங்களுக்கு அதிகம் சொல்லித்தருவது அதுதான். கனடாச் சித்தப்பாவுக்கு என்ன வாங்கச் சொல்வது என்பதை அடுத்த கூட்டத்தில் அந்தக் கொப்பிகளை விரித்து வைத்துக்கொண்டு பேசுவோம்.